அறுநூற்றுப் பன்னிரண்டாவது வாக்கியம்

பிரின்ஸிபால் வீட்டுச் சாப்பாட்டு மேஜை ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, அவர் அதன்மேல் முழங்கையை ஊன்றிச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போனது. ஊன்றிய முழங்கை சற்று நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு அவர் குப்புற விழுந்தார். காபிக் கோப்பையும் விழுந்து மூன்று துண்டாக உடைந்தது. கோப்பை இருபத்திரண்டாம் வாக்கியத்தில்தான் வருகிறது என்பதால் அது அன்றைக்குப் போகவில்லை. அடுத்த வாரம், தன் முறை வந்ததும், மூன்று துண்டாகவே போனது. அதே பத்தேகாலுக்கு, இரண்டு தெரு தள்ளி, ஒரு சலவைக்கடையின் மாடி அறையில், நாற்பத்து மூன்று வயது நர்ஸ் ஒருத்தி பிரெஞ்சுப் பயிற்சிப் புத்தகத்தின் முதல் வாக்கியத்தில், மேஜை என்ற சொல்லுக்கு முன்னால் விட்டிருந்த கோட்டின்மேல் பென்சிலால் சரியான ஆர்ட்டிகிளை எழுதி முடித்திருந்தாள். எழுதிய கையோடு மடியிலிருந்த புத்தகம் கனத்துச் சரிந்து அவள் கால் கட்டைவிரலில் விழுந்தது. ஒரு வாரம் நொண்டினாள். தேக்கு மேஜை, ஆறு பேர் தாராளமாக உட்காரலாம். விரல் வீங்காமல் என்ன செய்யும்.

அந்த ஊரில் பிரெஞ்சு படித்தவர்கள் யாரும் ஆசைக்காகப் படிக்கவில்லை. நர்ஸ்கள், வெல்டர்கள், ஓட்டல் சமையல்காரர்கள், வெளிநாட்டில் வேலை கிடைக்கும் என்று நம்பியவர்கள். அந்த வேலைக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு பரீட்சை இருந்தது. அதில் ஆளைக் கவிழ்த்தவை பெரிய பெரிய சொற்கள் அல்ல. ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் முன்னால் காவல்காரன்போல நிற்கும் துக்கடா ஆர்ட்டிகிள்தான். நமக்கு மேஜை என்றால் மேஜை, அதோடு விஷயம் முடிந்தது. அவர்களுக்கு மேஜை பெண், கட்டில் ஆண். ஏதோ ஒரு மேஜைக்கு ஒரு ஆர்ட்டிகிள், எல்லாருக்கும் தெரிந்த அந்த மேஜைக்கு இன்னொன்று, பாத்திரத்துப் பாலில் கொஞ்சம் எடுத்தால் அந்தக் கொஞ்சத்துக்கு வேறொன்று. "சுவர் எப்ப சார் ஆம்பளையாச்சு?" என்று ஒரு வெல்டர் வகுப்பில் எழுந்து கேட்டதற்கு, "அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணு" என்றார் பிரின்ஸிபால். அவருக்கே தெரியாது என்பது அந்த மொழிப்பள்ளியின் மூன்று அறைகளுக்கும் தெரியும், கீழே இருந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் தெரியும்.

தெரிந்தவள் அவர் மனைவி. ஆர்ட்டிகிள் வகுப்பு முழுக்க அவள் பொறுப்பு. கோடிட்ட இடம் வரும்போதெல்லாம் "டாஷ்" என்று உரக்கச் சொல்லி, எதிரில் இருப்பவர் வாயைத் திறக்கும்வரை சாக்பீஸைக் கீழே வைக்காமல் நிற்பாள். அதனால் அவள் பெயர் டாஷ் டீச்சர். ஆர்ட்டிகிளை விளக்கிப் புரியவைக்க முடியாது, நீச்சலைப்போலப் பழகத்தான் வேண்டும் என்பது அவள் கட்சி. அதற்காக ஆறு வருடம், விடியற்காலையில், அதே தேக்கு மேஜையில் உட்கார்ந்து அறுநூற்றுப் பன்னிரண்டு வாக்கியங்கள் எழுதினாள். எழுதுவதில் அவளுக்கு ஒரு முறை இருந்தது. கையால் தொடாத எதைப் பற்றியும் வாக்கியம் எழுதமாட்டாள். எழுந்து போய் அலமாரியைத் தொடுவாள், வந்து "டாஷ் அலமாரி திறந்திருக்கிறது" என்று எழுதுவாள். கொடியில் கிடக்கும் சட்டையின் ஈரத்தைத் தொட்டுவிட்டு வருவாள். சமையலறை முதல் பாடம், கூடம் இரண்டாம் பாடம், படுக்கையறை மூன்றாம் பாடம் என்று வீடே வரிசையாகத் தாளில் இறங்கியது. பத்தாம் பாடம் "கொஞ்சம்" என்பதற்கான ஆர்ட்டிகிள்களுக்கு: கொஞ்சம் ரொட்டி, கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் அதிர்ஷ்டம், கொஞ்சம் தைரியம். தைரியத்தை எழுதும் முன், தூங்கிக்கொண்டிருந்த கணவன் நெஞ்சில் கைவைத்துப் பார்த்துவிட்டு வந்து எழுதினாள். அந்தக் காலத்தில் அவளுக்கு அவர்மேல் அவ்வளவு நம்பிக்கை. கையெழுத்துப் பிரதியைப் பள்ளி அலுவலகத்தில் தட்டச்சு செய்தவள் பிரின்ஸிபாலின் தங்கை. கல்யாணம் வேண்டாம் என்று அண்ணன் வீட்டிலேயே ஓர் அறையில் இருந்தவள். அறுநூற்றுப் பன்னிரண்டும் அவளுக்கு வரிசை மாறாமல் மனப்பாடம்.

புத்தகம் அச்சாகி வந்தபோது அட்டையில் பிரின்ஸிபாலின் பெயர் இருந்தது. பின்னட்டையில் அவர் படம், கறுப்புக் கோட்டில், கன்னத்தில் ஒரு விரலோடு. முன்னுரையில் தன் பள்ளிக்கூட வாத்தியாருக்கும், அச்சகத்துக்கும், பைண்டிங் செய்தவருக்கும், மின்விசிறியைப் பழுதுபார்த்து வேலை தடைபடாமல் காத்த எலக்ட்ரீஷியனுக்கும் நன்றி சொல்லியிருந்தார். முன்னுரையை மனைவி மூன்று முறை படித்தாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நான்காம் முறையும் படித்தாள்.

"எலக்ட்ரீஷியன் பேரு இருக்கு. எம் பேரு எங்க?"

"உன் பேரப் போட்டா யாரு வாங்குவா?" என்றார் அவர். "எழுதினது நீதான், யாரு இல்லேன்னா? வீட்டுக்குள்ள எப்ப கேட்டாலும் ஒத்துக்குவேன்."

"வீட்டுக்குள்ள வேண்டாம். நாலு பேர் முன்னாடி ஒரு தடவ சொல்லுங்க, இத எழுதினது என் மனைவின்னு. ஒரே ஒரு வாக்கியம். அட்டையக்கூட மாத்த வேண்டாம்."

அவர் சிரித்தார். மறுவாரம் பள்ளியின் பாட அட்டவணையில் அவள் வகுப்புகள் இருந்த கட்டங்களில் வேறொருவர் பெயர் இருந்தது. அவள் இரண்டு பைகளில் தன் துணிகளை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். அந்த வீட்டிலிருந்து ஒரு கரண்டிகூட எடுக்கவில்லை. அழுதாளா என்றால், அழுதாள், இரண்டு நாள். மூன்றாம் நாள் அழுகை நின்று அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. அதன் பெயர் வஞ்சம் என்று அவளே பின்னால் கூசாமல் சொல்லியிருக்கிறாள். சலவைக்கடை மாடியில் அறை பிடித்தாள். டியூஷன் என்று ஒரு பலகை வைத்தாள். பிரின்ஸிபாலின் பள்ளியில் புத்தகம் வாங்கியவர்கள் எல்லாம் அவளிடம் வந்தார்கள், ஏனென்றால் அவள் இல்லாமல் அந்தப் புத்தகம் ஒருவருக்கும் உதவவில்லை. சேருகிற ஒவ்வொருவரிடமும் முதல் வேலையாகப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பின்பக்கத்து விடைத்தாள்களைக் கிழித்துக் குப்பையில் போடுவாள். வீட்டுப் பொருட்கள் போனதற்குக் காரணம் அதுதான்போல. பள்ளியில் விடையைப் பார்த்துப் பார்த்து எழுதியவர்களால் அந்த வீட்டில் ஒரு டம்ளர்கூட அசையவில்லை. டீச்சர் எதிரில் உட்கார்ந்து, யோசித்து, தலையைச் சொறிந்து, சரியாக எழுதியபோதுதான் பொருள் போனது. முதலில் எழுதியவர் புத்தகத்துக்குள் பொருள் சேரும். பின்னால் எழுதியவர்களுக்கு இலக்கணம் மட்டும்.

இதைக் கண்டுபிடித்தவள் தங்கைதான். திருடன் வேலை என்று பிரின்ஸிபால் போலீசுக்குப் போனார், சுவரில் ஓட்டை தேடினார், வேலைக்காரியை மாற்றினார். தங்கை வாசலில் நின்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்துவிட்டு நேரே சலவைக்கடை மாடிக்கு வந்தாள்.

"அண்ணி, மேஜ போச்சு. மறுநாள் நாற்காலி. அப்புறம் கத்தி, தட்டு, அடுப்பு. இது நான் டைப் பண்ண வரிசை அண்ணி."

டாஷ் டீச்சர் சாக்பீஸைக் கையில் எடுத்தாள். பிறகு நர்ஸைப் பார்த்து, "ஒன்பதாவது. டாஷ் ஃபிரிட்ஜ் சமையலறையில இருக்கு" என்றாள். நர்ஸ் பென்சிலைக் கடித்தாள், எழுதினாள், புத்தகம் மடியில் இல்லாமல் பலகைமேல் இருக்கும்படி ஏற்கனவே ஜாக்கிரதையாக வைத்திருந்தாள். தங்கை வீட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு மூச்சிரைக்க வந்தாள். "போயிடுச்சு அண்ணி. பால் மட்டும் தரையில நிக்குது." பால் பத்தாம் பாடம். டாஷ் டீச்சர் சிரிக்கவில்லை. ஆனால் அன்றைக்கு வகுப்பை அரைமணி நேரம் கூடுதலாக நடத்தினாள்.

தங்கையிடமே சொல்லியனுப்பினாள்: ஒரு வாக்கியம் சொல்லட்டும், எந்தப் பக்கத்தில் இருக்கிறோமோ அந்தப் பக்கத்திலேயே நிறுத்திக்கொள்கிறேன். தங்கை போய்ச் சொன்னாள். நாளைக்கு மூன்றாம் பாடம் தொடங்குகிறது, கட்டில் போகும் என்றும் எச்சரித்தாள். "எந்தப் புத்தகத்துல?" என்றார் பிரின்ஸிபால். "உங்க புத்தகத்துலதான் அண்ணா." அவர் அதைப் படித்ததே இல்லை என்பது அப்போதுதான் தங்கைக்கு உறைத்தது. புத்தகத்தையாவது விற்காமல் நிறுத்துங்கள் என்றதற்கு, ஐந்தாம் பதிப்பு அச்சில் இருக்கிறது என்றார். கட்டில் போனது. புதுக் கட்டில் வாங்கினார். வரிசையில் அடுத்து எழுதிய வெல்டரின் புத்தகத்துக்கு அது போனது. லாட்ஜில் அறை எடுத்துப் படுத்தார். மூன்றாம் நாள் லாட்ஜ் கட்டிலும் போய், அவர் தொப்பென்று விழுந்த சத்தத்தில் மேனேஜர் வந்து, மரியாதையாகப் பையை எடுத்து வாசலில் வைத்தார். கார் எட்டாம் பாடத்தில் போனது. பத்தாம் பாடத்தில் பொறுமை என்று ஒரு வாக்கியம் உண்டு, "அவரிடம் டாஷ் பொறுமை இருக்கிறது" என்று. வகுப்பில் இருந்த பதினொரு பேரும் சரியாக எழுதியும் எந்தப் புத்தகமும் கனக்கவில்லை. மொத்தப் புத்தகத்தில் அவள் மனசறிந்து பொய் எழுதியது அந்த ஓர் இடத்தில்தான்.

அவரை அந்த வருடம் காப்பாற்றியது ஒரு பழக்கம். அந்த ஊரில் பயிற்சிப் புத்தகத்தை யாரும் பேனாவால் தொடமாட்டார்கள். பென்சிலால் எழுதி, பரீட்சை முடிந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூடி உட்கார்ந்து ரப்பரால் சுத்தமாக அழித்து, அடுத்து வருகிறவர்களுக்குப் பாதி விலைக்குத் தள்ளிவிடுவார்கள். கறை தெரிந்தால் விலை குறையும் என்பதால் அழிப்பதில் அத்தனை அக்கறை. அந்த வருடமும் அப்படியே அழித்தார்கள். மாடிப்படியெல்லாம் ரப்பர் தூள். அன்று மாலை பிரின்ஸிபால் வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தபோது, மேஜை அவர் முழங்கைக்கு அடியில் வந்து நின்றது. பிறகு கட்டில், கடிகாரம், கார். எல்லாம் ஒரு சாயல் வெளுத்திருந்தன. இழுப்பறையைத் திறந்தால் ரப்பர் வாசனை வந்தது. "பாத்தியா, ஒண்ணும் ஆகல" என்றார் தங்கையிடம், காலை நீட்டிக்கொண்டு.

அப்படியே நான்கு வருடம் போனது. கடைசிப் பாடத்தை மட்டும் டாஷ் டீச்சர் எந்த வருடமும் நடத்தவில்லை. பத்து மாதம் தரையிலும் இரண்டு மாதம் நாற்காலியிலும் வாழ ஒரு மனிதன் பழகிக்கொள்ளலாம் என்பதை அவர் நிரூபித்தார். மாணவர்களும் பழகிக்கொண்டார்கள், படுக்கையறைப் பாடம் வரும்போது புத்தகத்தைத் தூக்க இரண்டு பேராக வருவார்கள். சலவைக்காரர் தன் கடைக் கூரை தொய்கிறது என்று சண்டைக்கு வந்தார், பிறகு விஷயத்தைக் கேட்டுவிட்டு, தானே ஒரு மரத்தூணை வாங்கிவந்து முட்டுக்கொடுத்தார். அழித்து அழித்து வந்ததில் வீட்டுப் பொருட்களெல்லாம் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டன. கறுப்புக் கோட்டு வெளுத்ததைப் பார்த்த பக்கத்துக் கடைக்காரர் அது புது மோஸ்தர் என்று நினைத்துத் தனக்கும் ஒன்று தைத்துக்கொண்டார். நர்ஸ் நான்கு முறை பரீட்சை எழுதி நான்கு முறையும் இரண்டு மூன்று மதிப்பெண்ணில் விட்டாள். அவள் புத்தகத்தை விற்கவில்லை. மறுபடி முதலிலிருந்து பழகவேண்டும் என்று தானே அழித்துத் தானே எழுதினாள். டாஷ் டீச்சர் ஒவ்வொரு வருடமும் சொல்லியனுப்பினாள், அவர் ஒவ்வொரு வருடமும் சிரித்தார். அவள் கோபம் தணியவில்லை. தணிந்தாக வேண்டும் என்று அவள் நினைக்கவும் இல்லை.

நான்காம் வருடம், அழித்து முடித்த மறுவாரம், ஊர் ஆசிரியர் சங்கம் பிரின்ஸிபாலுக்குச் சிறந்த நூலாசிரியர் என்று ஒரு கேடயம் கொடுத்தது. அரங்கம் நிறைந்திருந்தது. நாலு பேர் என்று அவள் கேட்டதற்கு நானூறு பேர் இருந்தார்கள். கடைசி வரிசையில் டாஷ் டீச்சரும் நர்ஸும் உட்கார்ந்திருந்தார்கள். மேடைப்படியில் தங்கை குறுக்கே நின்று, "இன்னிக்கு ஒரு வார்த்த சொல்லிடுங்க அண்ணா, எல்லாம் முடிஞ்சுபோகும்" என்றாள். தலையாட்டிவிட்டு ஏறினார். நாற்பது நிமிடம் பேசினார். "கையால தொடாத ஒரு பொருளப் பத்தியும் நான் எழுதினதில்ல. விடியக்காலம் எழுந்து போய் அலமாரியத் தொடுவேன், வந்து எழுதுவேன். கொடியில கெடக்குற சட்டையோட ஈரத்தக்கூடத் தொட்டுப் பாத்துட்டுத்தான் எழுதியிருக்கேன்." கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது. அவள் அதை அவரிடம் சொன்னதே இல்லை. ஆக, அந்த ஆறு வருடமும் அவர் தூங்கவில்லை, கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு படுக்கையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நெஞ்சில் கைவைத்தபோதும் விழித்துத்தான் இருந்திருக்கிறார். பெயரை எடுத்ததைக்கூட அவள் ஒருநாள் மன்னித்திருப்பாளோ என்னவோ. தொட்ட கையை எடுத்துக்கொண்டதற்குப் பிறகு அந்தப் பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. வீட்டுக்குப் போகும் வழியில் எழுதுபொருள் கடையில் நின்று, நீல மைப் பேனா ஒரு டஜன் வாங்கினாள்.

புது வருட வகுப்பின் முதல் நாள் பேனாக்களை மேஜைமேல் வைத்தாள். "இந்த வருஷம் யாராவது ஒருத்தர் பேனாவுல எழுதணும்" என்றாள். எல்லாரும் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டார்கள். பேனாவால் எழுதிய புத்தகத்தை யார் வாங்குவார்கள்? அழிக்கவும் முடியாது, தப்புச் செய்யவும் முடியாது.

"எங்கிட்ட குடுங்க டீச்சர்," என்றாள் நர்ஸ். "நாலு தடவ பெயிலானவ புத்தகம் யாருக்கு வேணும்? ஆனா தப்பு வந்தா?"

"வராது. உங்களுக்குக் கை பழகிடுச்சு."

இந்த முறை கடைசிப் பாடத்தையும் சேர்த்துப் பதினான்கு பாடம், பதினான்கு நாள். ஐந்தாம் சுற்று என்பதால் நர்ஸை முந்த ஒருவராலும் முடியவில்லை. கேள்வி முடியும் முன் அவள் பேனா கோட்டின்மேல் இருந்தது. எல்லாம் அந்த ஒரே புத்தகத்துக்குள் போனது. முதல் நாள் சமையலறை. இரண்டாம் நாள் கூடம். அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தை யாராலும் நகர்த்த முடியவில்லை. அது கிடந்த இடத்தில் நர்ஸ் குனிந்து நின்று எழுதினாள். சலவைக்காரர் இரண்டாவது தூண் வைத்தார். ஏழாம் நாள் துணிமணிகள், கோட்டோடு சேர்த்து. பிரின்ஸிபால் மூக்குக்கண்ணாடிக் கடைக் காவலாளியிடம் ஒரு காக்கிச் சட்டையும் கால்சட்டையும் இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டார், தோளில் பிடித்தது. அப்போதும் அவர் பயப்படவில்லை, பரீட்சை முடிந்த ஞாயிறு வரட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்பதாம் நாள் பேனா விஷயத்தைத் தங்கை சொன்னாள். பத்தாம் நாள் ரொட்டியும் சர்க்கரையும் அதிர்ஷ்டமும் தைரியமும் போயின. தைரியத்தை எடுத்துக்கொண்ட பிறகு அந்த மனிதன் அந்த வாக்கியத்தை எப்படிச் சொல்வான் என்று டீச்சரைக் குறை சொல்கிறவர்கள் ஊரில் உண்டு. இருந்தபோது மட்டும் சொல்லிக் கிழித்தாரா என்று கேட்பவர்களும் உண்டு.

பதின்மூன்றாம் நாள் தங்கை வந்தாள். வீட்டில் இருந்த எல்லாம் போயும் அவள் அறையில் ஒரு துரும்பு அசையவில்லை. நாத்தனாரின் அறையை டாஷ் டீச்சர் எழுதவே இல்லை, அடுத்தவர் பொருளை அனுமதி இல்லாமல் தொடக்கூடாது என்று.

"நாளைக்குக் கதவு, ஜன்னல், கூரை, அப்புறம் வீடு," என்றாள் தங்கை. "அதுக்கப்புறம் ஒண்ணு இருக்கு அண்ணி. நான்தான டைப் பண்ணேன்."

"தெரியும்மா."

"கூடப் பொறந்தவன் அண்ணி."

"தெரியும். அவரு ஒரு வாக்கியம் சொல்லட்டும், நான் ஒரு வாக்கியத்த விட்டுடறேன். நீ உன் பெட்டிய எடுத்துக்கிட்டு இங்க வந்துடு."

தங்கை அன்று மாலையே பெட்டியோடு வந்து சேர்ந்தாள்.

பதினான்காம் நாள் அறுநூற்றுப் பத்தாம் வாக்கியத்தில் கூரை போன சிறிது நேரத்துக்கெல்லாம் மாடிப்படியில் பிரின்ஸிபாலின் காலடிச் சத்தம் கேட்டது. செருப்பு ஏழாம் பாடத்தில் போயிருந்ததால் வெறுங்காலோடு வந்தார். காக்கிச் சட்டையின் மேல் பொத்தான் இல்லை. அறையில் பதினொரு மாணவர்கள், தங்கை, தூணைப் பிடித்துக்கொண்டு கீழேயிருந்து எட்டிப்பார்த்த சலவைக்காரர். டாஷ் டீச்சர் சாக்பீஸைக் கீழே வைக்காமல் நின்றாள், எதிரில் இருப்பவர் வாயைத் திறக்கும்வரை எப்போதும் நிற்பதுபோல.

"நாலு பேருக்கு மேலயே இருக்காங்க," என்றாள். "சொல்லுங்க."

அவர் தொண்டையைச் செருமினார். தங்கையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "இந்தப் புத்தகத்த," என்று ஆரம்பித்தார். பாதி அறை மூச்சை அடக்கிக்கொண்டது. "இந்தப் புத்தகத்த நாங்க ரெண்டு பேரும் சேந்து எழுதினோம்."

"சேந்தா?"

"சேந்துதான். மேஜ என்னோடதுதான?"

டாஷ் டீச்சருக்கு அந்த நிமிடம் கோபம் வரவில்லை என்று அங்கே இருந்தவர்கள் எல்லாரும் ஒன்றுபோலச் சொல்கிறார்கள். கோபம் ஏற்கனவே வந்து, குடியிருந்து, வீட்டுக்காரியாகிவிட்டிருந்தது. "மேஜ உள்ளதான் இருக்கு," என்றாள். "போய் உக்காருங்க." பிறகு நர்ஸ் பக்கம் திரும்பி, "அறுநூத்திப் பதினொண்ணு. டாஷ் வீடு அழகாக இருக்கிறது" என்றாள். நர்ஸ் எழுதினாள். இரண்டு தெரு தள்ளி நாய்கள் குரைத்தன. "அறுநூத்திப் பன்னெண்டு. டாஷ் மனிதன் வீட்டுக்குள் இருக்கிறான்." தங்கை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. நர்ஸ் ஒருமுறை நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் தலையசைத்தாள். பேனா கோட்டின்மேல் ஓடியது, நீலமாக, தப்பில்லாமல். காக்கிச் சட்டையும் கால்சட்டையும் வாசலில் பொத்தென்று விழுந்தன. அவை காவலாளியுடையவை, துணிப் பாடம் முடிந்த பிறகு வந்தவை. சலவைக்காரர் அவற்றைத் துவைத்துத் தேய்த்து உரியவரிடம் கொடுத்தார். புத்தகத்தின் கனம் இம்மியளவும் கூடியதாகத் தெரியவில்லை. தூண்கள்கூட முனகவில்லை.

நர்ஸ் அந்த வருடப் பரீட்சையில் ஆர்ட்டிகிள் பகுதியில் முழு மதிப்பெண் வாங்கி வெளிநாடு போனாள். புத்தகத்தை எடுத்துப்போக வழியில்லை. ஒரு வீட்டையும் காரையும் சுமந்துகொண்டு எந்த விமானமும் ஏறாது. அது சலவைக்கடை மாடியிலேயே இருக்கிறது. போலீஸ்காரர் ஒருவர் வந்து கடைசிப் பக்கத்தைப் படித்தார், எல்லாம் மையால் எழுதியிருப்பதையும் எல்லாம் சரியாக இருப்பதையும் பார்த்துவிட்டு, ஆள் வீட்டுக்குள் இருக்கிறார் என்று எழுதிக் கோப்பை மூடினார். வீடு இருந்த இடம் நீள்சதுரமாக, துடைத்துவிட்டதுபோலக் கிடக்கிறது. பக்கத்தில் இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்கள் அங்கே ஸ்கூட்டர் நிறுத்துகிறார்கள். அடுத்த பதிப்பின் அட்டையில் டாஷ் டீச்சரின் பெயர் இருந்தது, கொட்டை எழுத்தில். முன்னுரையில் தட்டச்சு செய்த நாத்தனாருக்கும், பேனா பிடித்த நர்ஸுக்கும், தூண் வைத்த சலவைக்காரருக்கும் நன்றி. மின்விசிறி எலக்ட்ரீஷியனையும் விடவில்லை. அவர்மேல் அவளுக்கு என்ன கோபம்.

தங்கை ஒருநாள் கடையிலிருந்து, ஒரு பாதி சிவப்பும் ஒரு பாதி நீலமுமாக இருக்கும் ரப்பர் ஒன்றை வாங்கி வந்தாள். நீலப் பாதி மையை அழிக்கும் என்று உறையில் போட்டிருந்தது. டீச்சர் பார்த்தாள், தடுக்கவில்லை. ஏழாம் பாடத்தில் செருப்பு என்ற இடத்தில் தங்கை தேய்த்துப் பார்த்தாள். தாள் கிழிந்து, இடதுகால் செருப்பு மட்டும் வெளியே வந்தது, உள்ளங்காலில் பெரிய ஓட்டையோடு. கடைசி வாக்கியத்தில் தேய்த்தால் அண்ணன் எப்படி வருவார் என்று யோசித்தாள்போல. ரப்பரை அலமாரியில் வைத்துவிட்டு, "இருக்கட்டும் அண்ணி, உள்ள பத்திரமா இருக்கட்டும்" என்றாள். செருப்பு இன்னும் வாசலில் கிடக்கிறது.

வருடா வருடம் புது வகுப்பின் முதல் நாள், மாணவர்கள் எல்லாரும் உட்கார்ந்த பிறகு, டாஷ் டீச்சர் அந்தப் பெரிய கனத்தின் கடைசித் தாளை மட்டும் திருப்புகிறாள். உள்ளே கூடத்துக் கடிகாரம் ஓடுவது கேட்கும், குழாய் சொட்டுவதும் கேட்கும். சாக்பீஸைக் கையில் பிடித்தபடி, "நாலு பேர் இருக்காங்க, சொல்லுங்க. இத எழுதினது டாஷ்?" என்று கேட்கிறாள். புதிதாக வந்தவர்கள் மட்டும் திடுக்கிட்டு நிமிர்வார்கள். மற்றவர்கள் பென்சில் சீவிக்கொண்டிருப்பார்கள். உள்ளிருந்து செருமுகிற சத்தம் வரும், நாற்காலி நகரும், பிறகு பதில் வரும். இந்த வருடமும், "ரெண்டு பேரும் சேந்துதான்" என்றே வந்தது. அவள் தாளை மூடினாள். தங்கை எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள். "முதல் பாடம், முதல் வாக்கியம்," என்றாள் டாஷ் டீச்சர், எல்லாரும் குனிந்து எழுத ஆரம்பித்தார்கள்.